வளர்ந்த மகனும் வீட்டுப் பொருளும்

உபாத்தியாயர்களே! மாணாக்கர் பாடசாலையை விட்டு நீங்கிய பின்னரும், அவர்தம் தாய்தந்தையர் உங்களிடம் வந்து புத்தி கேட்பதுண்டு. “மகனுக்கு வயது இருபத்தைந்து. சம்பளம் பாதி மாதத்துக்கும் காணாது. கனடாவிலுள்ள தமையன் அனுப்புவதும் கரைகின்றது. மோட்டார் சைக்கிள் தவணைக்காகத் தாயின் சங்கிலி ஈட்டிலிருக்கின்றது” என ஒரு தந்தை வந்து சொல்வாராயின், யாது கூறுவீர்?

“இனி ஒரு சதமும் கொடாதீர்” என்பார் சிலர். அது அவனை வட்டிக்காரன் வாயிலுக்கு அனுப்பும். “பெற்ற பிள்ளையன்றோ, கொடுங்கள்” என்பார் சிலர்; அது அவனை என்றும் பிள்ளையாகவே வைக்கும். நாற்றை நட்டவுடன் வெயிலுக்கு மறைப்பு வைக்கின்றோம். வேர் பிடித்தபின் அதனை எடுத்துவிடுகின்றோம். எடாதொழியின் பயிர் வெளிறும். உதவியும் அத்தன்மைத்தே. ஆதலால் செய்யற்பாலன நான்கு.

முதலாவது, கணக்கு. ஒரு மாதச் செலவை அவனே எழுதுக. எழுதியதைப் பார்த்து ஏசற்க. வரவுசெலவின் அளவைத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்தில் வைத்தார். தன் பொருளளவை அறிதலும் தன் வலியை அறிதலேயாம்.

இரண்டாவது, படிப்படியாகக் குறைத்தல். மாதம் 15,000 ரூபா கொடுப்போர் மாதந்தோறும் 3,000 குறைப்பின், ஐந்தாம் மாதத்தில் ஒன்றுமில்லையாம். இதனைத் தமையனும் பாட்டியும் உட்பட யாவரும் ஒப்புக்கொள்க. ஒருவர் மறைவிற் கொடுப்பினும் ஏற்பாடு பழுதாம்.

மூன்றாவது, பிணை நில்லாமை. இலங்கையில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பினோன் பராயமடைந்தவன். அவன் பட்ட கடனுக்குத் தந்தை என்னும் முறையால் மாத்திரம் ஒருவர் கடன்காரராகார். பிணையாகக் கையொப்பமிட்டவரோ ஆவர்.

நான்காவது, பொறுப்பு. சிறுதொகையாயினும் வீட்டுச் செலவுக்கு அவன் கொடுக்க. சங்கிலியை அவன் உழைப்பே மீட்க.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் விலைகள் ஏறச் சிக்கனமுடையோரும் தளர்ந்தனர். வறுமையை ஊதாரித்தனமென்று பழிக்கலாகாது. நோயுற்றவனையும் வேலையிழந்தவனையும் தாங்குதல் குடும்பக் கடனே. குடியிலும் சூதிலும் அகப்பட்டவனுக்குக் கணக்கு மாத்திரம் போதாது, வைத்தியமும் வேண்டும்.

இவ்வறிவை வகுப்பிலேயே விதைத்தல் நன்று. 1,00,000 ரூபாவுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வீதம் வட்டியாயின் மாதவட்டி 2,000 ரூபா. வட்டியை மாத்திரம் கட்டுவோன் ஓராண்டில் 24,000 ரூபா கொடுத்தும் முதலிற் சதமும் குறையாது நிற்பான். இக்கணக்கைப் பதினைந்து வயதிற் செய்து கண்டவன், பின்னொருநாள் தாயின் கழுத்தை நோக்குமுன் சற்றே நின்று சிந்திப்பான்.

வினாக்கள்

1. உதவியை உடனே நிறுத்துதலால் விளையும் கேடு யாது?
2. யாவரும் ஒப்புக்கொள்ள வேண்டுவது எதன்பொருட்டு?
3. தந்தைக்கும் பிணையாளிக்கும் உள்ள வேறுபாடு யாது?
4. எவரை ஊதாரியென்று சொல்லலாகாது?