ஆழ்கடலும் பீங்கான் பேழையும்

கடலில் கீழே செல்லச் செல்ல நீரின் அழுத்தம் மிகும். 10,000 மீட்டர் ஆழத்தில், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் ஏறக்குறைய ஒரு டன் பாரம் அழுத்தும். அவ்வாழத்தை ஆராயச் செல்லும் கலங்களின் மின்கருவிகளை நீர் தீண்டாது காக்க, உறுதி வாய்ந்த பேழைகள் வேண்டும். அவற்றை எஃகினால் தடிப்பாகச் செய்யின் எடை மிகுந்து, கலம் மீண்டும் மிதந்தெழுதல் அரிதாகும். ஆகவே, அறிஞர் பீங்கானை நாடினர்.

இது வீட்டுக் கிண்ணங்கள் செய்யும் பீங்கான் அன்று. அலுமினிய ஆக்சைடுத் தூளை அழுத்திக் கடுவெப்பத்தில் சுட்டு எடுப்பது. எஃகினும் இலேசானது; துருப்பிடியாதது; நாற்புறமும் சமமாக அழுத்தினால் வியத்தகு வன்மையுடன் தாங்குவது.

இத்தகைய பொருள் உடைவது ஏன்? பீங்கான் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. உலோகத்தில் கீறல் தோன்றின், அதனைச் சூழ்ந்த பகுதி சற்றே நெகிழ்ந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். பீங்கானோ நெகிழ்வதில்லை. சுடும்போது உள்ளே தங்கிய நுண்துளையோ, கையாளும்போது விழுந்த கீறலோ விரிந்தோடிப் பேழையையே பிளந்துவிடக்கூடும். பேழையின் விளிம்பு உலோக வளையத்தோடு பொருந்தும் இடமே பெரிதும் இடர் தருவது. அழுத்தத்தில் அவ்விரு பொருள்களும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. அதனால் அங்கே இழுப்பு உண்டாகிறது. கலம் பலமுறை மூழ்கி எழ, விளிம்பில் தோன்றிய சிறுவெடிப்பு மெல்ல வளர்கிறது.

அமெரிக்க நாட்டு உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தார் ‘நீரியஸ்’ என்னும் ஆளில்லாக் கலத்தை அமைத்தனர். அது மிதத்தற்பொருட்டு, உள்ளீடற்ற பீங்கான் உருண்டைகள் ஆயிரத்துக்கு மேல் அதனுள் வைக்கப்பட்டன. 2009 மே 31 அன்று, பசிபிக் மாக்கடலின் மரியானா அகழியில் அக்கலம் 10,902 மீட்டர் ஆழத்தை எட்டியது. ஆனால், 2014 மே 10 அன்று, நியூசிலாந்துக்கு வடகிழக்கே கெர்மடெக் அகழியில், 9,900 மீட்டர் ஆழத்தில் அதன் தொடர்பு அறுந்தது. பின்னர் அதன் சிதைந்த துண்டுகள் நீர்மேல் மிதக்கக் காணப்பட்டன. உருண்டை ஒன்று நொறுங்கியிருக்கலாம் எனக் கருதினர். ஒன்று நொறுங்கின், நீர் உட்பாய்ந்து மோதும் அதிர்ச்சி அண்டையிலுள்ளவற்றையும் நொறுக்க வல்லது.

ஆதலின், பேழைகளைக் கடலில் இறக்குமுன், அங்கு எதிர்ப்படும் அழுத்தத்தினும் மிகுதியான அழுத்தத்திற்கு உட்படுத்திச் சோதிப்பர். ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் விளிம்புகளை ஆராய்வர். பெருங்கடலின் பாரத்தைச் சுமக்கும் வன்மை பீங்கானுக்கு உண்டு. தன்பாலுள்ள சிறு குறையைத் தாங்கும் நெகிழ்ச்சி அதற்கு இல்லை. அக்குறையை முன்னரே கண்டறியும் விழிப்பே ஆழ்கடல் ஆய்வுக்கு அரணாகும்.