வேலையற்றோர் உதவித்தொகை: ஒரு வீட்டுக் கணக்கு

இரண்டாம் ஆண்டு மாணவர், இளம் அறிவியல் (கணிதம்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தமிழ்த்துறைப் பேராசிரியர் கேட்டபோது, பகா எண்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரு விண்ணப்பப் படிவம் கிடந்தது. அதைத் தாண்டி என் மனம் வேறெங்கும் போகவில்லை. ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். மாணவ நண்பர்களில் பலர் வீட்டிற்கும் இது பயன்படக்கூடும்.

வேலை கிடைக்காதவனுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டுமா என்னும் கேள்வி புதியதன்று. இங்கிலாந்தில் 1911ஆம் ஆண்டு தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. கட்டடம், கப்பல் கட்டுதல், இயந்திரப் பணி போன்ற சில தொழில்களில் இருந்தோர் வேலையிழந்தால் வாரம் 7 ஷில்லிங் வீதம், ஆண்டில் 15 வாரங்கள் வரை பெறலாம் என்று அது வகுத்தது. தொழிலாளியும் முதலாளியும் வாராவாரம் செலுத்தும் பணமும் அரசின் பங்கும் சேர்ந்து அந்த நிதியானது. அதாவது, ஏற்கெனவே வேலையில் இருந்தவனுக்கே அந்த உதவி. ஒருநாளும் வேலை கிடைக்காதவனுக்கு அதில் இடமில்லை.

நம் அரசியலமைப்பின் 41ஆவது பிரிவு அதைவிட விரிந்தது. வேலை செய்யும் உரிமையையும், வேலையின்மை, முதுமை, நோய் ஆகிய நிலைகளில் அரசு உதவி பெறும் உரிமையையும், தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு அரசு ஏற்படுத்த வேண்டும் என்கிறது அது. ஆனால் 37ஆவது பிரிவைப் புரட்டினால், இந்த நெறிகளைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்காட முடியாது என்றிருக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது போல எனக்குத் தோன்றிற்று. பொருளியல் படிக்கும் நண்பர்கள் கோபிக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டு படித்த இளைஞர்களுக்கான உதவித்தொகை தொடங்கியது. அப்போது பட்டதாரிக்கு மாதம் 300 ரூபாய். பின்னர் அது உயர்ந்து, பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவருக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய் என்றானது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேரும். மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். மாற்றுத் திறனாளிகளுக்குத் தொகையும் காலமும் கூடுதல்.

நிபந்தனைகள் சில உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டுகள் முடிந்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க மறந்தவருக்கு ஐந்தாண்டுக் கணக்கு கிடையாது. வயது 40க்குள் (ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45க்குள்) இருக்க வேண்டும். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்பட்டம் பெற்றோர்க்கு இல்லை. நம்மைப் போல நாள்தோறும் கல்லூரிக்கு வருவோர்க்கும் இல்லை. உதவித்தொகை வாங்கினால் பதிவு மூப்புப் போய்விடும் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது தவறு. மூப்பு அப்படியே இருக்கும், பரிந்துரையும் வழக்கம்போல் நடக்கும்.

மீதம் இரண்டு நிபந்தனைகள். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகக்கூடாது. விண்ணப்பிப்பவர் ஊதியம் பெறும் வேலையிலோ சுயதொழிலிலோ இருக்கக்கூடாது. எங்கள் வீட்டில் ஒரு வாரம் விளக்கு அணையாமல் இருந்தது இந்த இரண்டுக்காகத்தான்.

என் அக்காவுக்கு வயது 25. பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட நல்ல மதிப்பெண் பெற்றவள். மதிப்பெண் சான்றிதழ் வந்த ஆண்டே அம்மா இறந்துபோனார். அக்கா அடுப்படிக்கு வந்தாள். நான் கல்லூரிக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று எனக்குச் சான்றிதழ் தந்திருக்கிறார்கள். அதில் அக்கா பெயருக்கு இடம் இல்லை. ஏழாண்டுகளில் இரண்டு முறை பதிவைப் புதுப்பித்தவள், ஒரு நேர்முகத் தேர்வுக்கும் அழைக்கப்படவில்லை.

அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். மழைக்காலத்தில் சூளை கிடையாது. சராசரியாக நாளுக்கு 400 ரூபாய், ஆண்டில் 160 நாள் என்று வைத்தால் 64,000 ரூபாய் ஆகிறது. அக்கா பழைய தையல் இயந்திரத்தில் அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைக்கிறாள். மாதம் 600 ரூபாய் கிடைத்தால் அது நல்ல மாதம். ஆண்டுக்கு 7,200 ரூபாய். கூட்டினால் 71,200. அப்பா இன்னும் இரண்டு நாள் சூளைக்குப் போனால் வரம்பைத் தொடுவோம். மூன்றாம் நாளும் போனால் நாங்கள் ஏழைகள் அல்லர்!

கணக்கைக் காட்டியபோது அப்பா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"தம்பி, ரெண்டு ஜாக்கெட் தச்சா அது வேலையாடா?" என்று கேட்டாள்.

சுயதொழில் என்றால் என்ன என்று படிவம் விளக்கவில்லை. கடை வைத்திருப்பது சுயதொழில்தான். பலகை இல்லாமல், திண்ணையில், தீபாவளிக்கு முன் பத்தும் ஆடியில் ஒன்றும் தைப்பது எதில் சேரும்? பக்கத்து வீட்டு அண்ணன், "எல்லாரும் எழுதுறதுதானே, வேலை இல்லைன்னு எழுதிட்டுப் போ" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 400 ரூபாய் வீதம் 36 மாதங்களுக்கு 14,400 ரூபாய். ஒரு மோட்டார் வைத்த தையல் இயந்திரம் வாங்கலாம். ஆனால் உதவித்தொகைக்காகத் தையலை நிறுத்தினால் மாதம் 600 ரூபாய் இழந்து 400 பெறுகிறோம். எந்தக் கணித மாணவனும் ஒப்ப மாட்டான்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு நாடு முயன்றது. பின்லாந்தில் 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகள், வேலையற்ற 2,000 பேரைத் தேர்ந்து மாதம் 560 யூரோ கொடுத்தார்கள். வேலை தேடினாயா என்ற கேள்வி இல்லை. இடையில் வேலை கிடைத்தாலும் பணம் நிற்கவில்லை. பணம் வந்தால் சோம்பேறியாவார்கள் என்று அஞ்சியவர்களுக்கு விடை கிடைத்தது: மற்றவர்களைவிட இவர்கள் ஓராண்டில் சராசரியாக 6 நாள் கூடுதலாகவே வேலை செய்திருந்தார்கள். ஆறு நாள் என்பது பெரிய வெற்றியன்று. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மனச்சோர்வு குறைந்ததாகவும், வருங்காலத்தில் நம்பிக்கை கூடியதாகவும் அவர்கள் சொன்னார்கள். பின்லாந்தின் பணம் நம்மிடம் இல்லை. சிறு சம்பாத்தியத்தை ஒளிக்கச் செய்யாத விதி ஒன்றை எழுதுவதற்குப் பெரும்பணம் வேண்டுமா என்பதே என் ஐயம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் எனக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. படிக்கிற எனக்கு ஆயிரம். என்னைப் படிக்க வைத்தவளுக்கு நானூறு, அதுவும் உறுதியில்லை.

கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் கையொப்பமிட்டுத் தந்தார்கள். கடைசி நாளுக்கு முதல் நாள் இருவரும் மாவட்டத் தலைநகருக்குப் போனோம். 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையாதலால் எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தோம். அலுவலகத்தின் வேப்பமரத்தடியில் நின்று, அக்கா என் பேனாவை வாங்கினாள். உறுதிமொழிக்குக் கீழே கையொப்பமிட்டாள். பிறகு ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில், "வீட்டில் எப்போதாவது தையல் உண்டு. மாதம் சுமார் 600 ரூபாய்" என்று சிறிய எழுத்தில் எழுதினாள். நான் தடுக்கவில்லை. தடுக்க நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உள்ளே இருந்த எழுத்தர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்து எழுத்தைப் படித்தார். அக்காவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கட்டோடு சேர்த்து வைத்தார்.

ஜனவரியில் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து பார்க்க வேண்டும். அதற்குள் பொங்கலுக்கு ஏழு ஜாக்கெட் வந்திருக்கிறது.