வாயுவை மோப்பம் பிடிக்கும் கருவி

நிலத்தடிக் குழியினுள் இறங்குமுன், அங்கே மீதேன் வாயு தேங்கியுள்ளதா என அறிதல் தொழிலாளியின் உயிரைக் காக்கும். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை மீதேன் கலந்திருப்பின், ஒரு தீப்பொறியே அதனை வெடிக்கச் செய்யும். ஆகவே, நீண்ட குழாய் ஒன்றைக் குழிக்குள் விட்டு, கைக்கருவியிலுள்ள சிறு பம்பினால் அங்குள்ள காற்றை இழுத்துச் சோதிப்பர்.

கருவி எவ்வளவு நுண்ணியதாயினும், தன்னிடம் வந்து சேர்ந்த காற்றையே அஃது அறியும். 10 மீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் உள்விட்டமும் உடைய குழாய் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் காற்றைக் கொள்ளும். பம்பு நிமிடத்திற்கு 500 மில்லிலிட்டர் இழுத்தால், குழியின் காற்று 9 விநாடிகளுக்குள் கருவியை அடையும். வடிகட்டியைத் தூசு அடைத்து, ஓட்டம் 100 மில்லிலிட்டராகக் குறைந்தாலோ ஏறத்தாழ 42 விநாடிகள் ஆகும். அதுவரை கருவி சோதிப்பது குழாயில் முன்னரே இருந்த தூய காற்றையே! அபாய ஒலி எழவில்லை என்று அதற்குள் இறங்குவோர் கதி யாதாகும்?

மிகு வேகமும் நன்றன்று. குழாய்ப் பொருத்துகளில் சிறு கசிவைத் தேடும்பொழுது, சுற்றியுள்ள தூய காற்றும் மிகுதியாக உட்புகுந்து, வாயுவின் செறிவைக் குறைத்துவிடும். ஆதலின், ஓட்டம் அளவாக உள்ளதா என முதலில் ஆராய்ந்து, போதிய நேரம் பொறுத்திருந்த பின்னரே கருவி கூறுவதை நம்புதல் வேண்டும்.