ரேஸ் பிரேக் போடலாமா?

கேள்வி: ஹட்டனிலிருந்து தினமும் நுவரெலியாவுக்கு வேலைக்குப் போகிறேன். ஏப்ரலில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியிலும் அதே காரை ஓட்ட ஆசை. ரேஸ் பிரேக் பேடும் துளையிட்ட டிஸ்க்கும் போடலாமா?

பதில்: வேண்டாம். 1934 முதல் நடக்கும் அந்தப் போட்டி மேல்நோக்கிய குறுகிய ஓட்டம். பிரேக் கொதிக்குமளவுக்கு அங்கே வேலையில்லை. ரேஸ் பேடோ நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். நுவரெலியாக் குளிரில் முதல் வளைவிலேயே, மிதி கல்லாக இறுகியிருந்தும் கார் வழுக்கிக்கொண்டே போகும்.

பிரேக்குக்கு உண்மையான சோதனை றம்பொடை வளைவுகளில் கம்பளைப் பக்கம் இறங்கும்போதுதான். ஆகவே குளிரிலும் பிடிக்கிற, சாலைக்கென்றே செய்த நல்ல செமி மெட்டாலிக் பேடும் துளையில்லாத டிஸ்க்கும் போதும். துளையிட்டதில், தொடர்ந்து சூடேறினால் துளையோரமாக வெடிப்பு விடும். பழைய டிஸ்க்கைக் கழற்றும்போது அதன் தடிப்பை அளந்து, அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மிச்சக் காசைப் பிரேக் ஒயிலில் போடுங்கள். புது டாட் 4 ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். மலைநாட்டு ஈரத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் அதை விட்டுவைக்காதீர்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள்.