ஏலத்துக்கு ஓவியம் கேட்கிறார்களா, தங்கச்சி?

"நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுகிறோம்மா, உன் ஓவியம் ஒன்று ஏலத்துக்குத் தர முடியுமா?" என்று போன் வந்தால், சந்தோஷத்தில் உடனே சரி சொல்லிவிடாதே. "நாளைக்குச் சொல்கிறேன் சார்" என்று ஒரு ராத்திரி அவகாசம் வாங்கிக்கொள். உட்கார்ந்து கணக்கு எழுது. கேன்வாஸ், பெயிண்ட், ஃபிரேம், அதை மண்டபம்வரை கொண்டுபோகிற வண்டி வாடகை. கையை விட்டுப் போன இந்தக் காசுக்குக் கீழே, நீ உழைத்த நாட்களுக்கு ஒரு கூலியும் போடு. அந்தத் தொகையை ரொக்கமாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா? மாட்டாய் என்றால் ஓவியமாகவும் கொடுக்காதே.

கொடுக்கலாம் என்று தோன்றினால், முழுசாகத் தானம் என்று எழுதித் தராமல் பங்கு கேள். ஏலத்தொகையில் பாதிக்குப் பாதி, இல்லையென்றால் ஃபிரேம் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தில் பங்கு. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் மண்டபக்காரர், மைக் செட்காரர், சமையல்காரர் எல்லோரும் அன்றைக்குப் பில் கொடுப்பவர்கள்தான். உன் பங்கு கைக்கு வந்தபிறகு, மனசு இருந்தால் அதிலிருந்து பணமாகவே நன்கொடை கொடு. அதில் ஒரு லாபம் கிடைக்கலாம். வருமான வரிச்சலுகை பணமாகத் தந்த நன்கொடைக்குத்தான், பொருளுக்குக் கிடையாது. பணத்திலும் ரொக்கமாக 2,000 ரூபாயைத் தாண்டினால் செல்லாது. பேங்க் வழியாக அனுப்பி ரசீது வாங்கு. "ஓவியம் கொடுத்தால் வரி குறையும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடு.

அடுத்தது குறைந்தபட்ச விலை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நீ இருபதாயிரத்துக்கு விற்கிற ஓவியம், கூட்டம் சேராத ஒரு ராத்திரியில் ஐந்தாயிரத்துக்குப் போய்விட்டால், அந்த ஐந்தாயிரம்தான் ஊரில் உன் விலையாகிவிடும். "இதற்குக் கீழே போனால் ஓவியம் என்னிடமே திரும்பும்" என்று முன்கூட்டியே எழுதி வாங்கு. பெரிய கேன்வாஸுக்குப் பதில் சின்னக் கோட்டோவியமோ, எண் போட்டுக் கையெழுத்திட்ட பிரிண்டோ கொடுத்தாலும் தப்பில்லை. இல்லையென்றால் ஓவியத்துக்குப் பதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன் என்று சொல்லலாம். ஃபிரேம் செலவே இருக்காது.

ஓவியத்தை விற்றாலும் பதிப்புரிமை உன்னிடம்தான் இருக்கும், நீ எழுதிக் கொடுத்தாலொழிய. அவர்கள் நீட்டுகிற படிவத்தில் காலண்டர், வாழ்த்து அட்டை என்று ஏதாவது இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

ஏலத்தை விருந்தோடு நடத்தினால், டிக்கெட் விஷயம் இன்னும் வேடிக்கை. ஓவியம் உள்ளே சுவரில் தொங்கும். வரைந்தவள் வாசலில் நாலாயிரம், ஐயாயிரம் கட்டி உள்ளே போக வேண்டும். பெரிய ஓட்டல் விருந்துகளில் இதெல்லாம் நடக்கிறது. ஓவியத்தோடு இரண்டு பாஸ் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடு. போனால் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிடாதே, உன் ஓவியத்துக்குப் பக்கத்தில் நில். வாங்கியவரின் பெயரையும் நம்பரையும் கேட்டு வாங்கு. ஏலம் நடத்துகிறவர்கள் சொல்கிற 'பப்ளிசிட்டி' என்பது அந்த நம்பர்தான்.

கச்சேரி, கூத்து என்றால் கணக்கே வேறு. பாடுகிறவர் சன்மானம் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடலாம், பக்கவாத்தியக்காரருக்கும் சேர்த்து அவர் சொல்லக்கூடாது. தெருக்கூத்துக் குழு என்றால் வேன் வாடகை, ராத்திரிச் சாப்பாடு, மறுநாள் வேலைக்குப் போக முடியாததால் இழக்கிற கூலி, எல்லாம் ஆள் கணக்கில் பெருகும். இதை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை நன்கொடையாக்கச் சொல்.

நாலு பேர் சேர்ந்தால் நீங்களே விழா நடத்தலாம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணிகள், கைவினைப் பொருட்கள் செய்து விற்ற காசில்தான் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே கலைஞர்கள் திரட்டிய நிதி கலைஞர்களுக்கே போனது. ஓட்டல் வேண்டாம், பள்ளிக்கூட ஹால் போதும். நுழைவு இலவசம், ஸ்டாலுக்கு முன்பணம் கிடையாது, விற்றால் மட்டும் ஒரு பங்கு பொதுநிதிக்கு என்று வையுங்கள். நூறு ரூபாய் அட்டையும் விற்பனைக்கு இருக்கட்டும், தெருக்காரர்களும் வாங்குவார்கள். கணக்கு நோட்டை மட்டும் ஓவியர் அல்லாத ஒருத்தரிடம் கொடுத்துவிடுங்கள்.