முதுமையும் மருந்தெதிர்ப்புக் கிருமிகளும்

நோய் தீர்க்கும் மருத்துவமனையிலேயே புதிய நோய்த்தொற்று ஏற்படுவதும் உண்டு. அதற்கு ஆளாகும் வாய்ப்பு முதியோர்க்கு மிகுதி.

1928இல் பெனிசிலினைக் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். அம்மருந்தைப் போதிய அளவின்றி உட்கொண்டால் கிருமிகள் அதனை எதிர்க்கும் ஆற்றல் பெற்றுவிடும் என்று 1945இல் தம் நோபல் உரையில் அவரே எச்சரித்தார். மருந்துக்கு அடங்கும் பாக்டீரியாக்கள் மடிய, அடங்காதவை எஞ்சிப் பெருகுகின்றன. மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத பாக்டீரியா 1961இல் இங்கிலாந்தில் இனங்காணப்பட்டது.

முதுமையில் நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது, தோல் மெலிகிறது. நீரிழிவு, சிறுநீரக நோய் போன்றவை உடலை மேலும் தளர்த்துகின்றன. மருத்துவமனையில் நெடுநாள் தங்குதல், தீவிர சிகிச்சை, முன்னரே பலமுறை உட்கொண்ட நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியன இடரைப் பெருக்குகின்றன. சிறுநீர்க் குழாயும் செயற்கைச் சுவாசக் குழாயும் உயிர் காக்கத் துணைபுரிபவை. கிருமிகள் உட்புகும் வாயிலாவதும் அவையே. ஆதலால், அவற்றின் தேவையை மருத்துவர்கள் நாள்தோறும் ஆராய்ந்து, தேவை தீர்ந்ததும் அகற்றுவர்.

முதியோரிடம் தொற்று காய்ச்சலின்றியும் தோன்றலாம். திடீர் மனக்குழப்பம், சோர்வு, உணவில் நாட்டமின்மை ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

இதில் நம் பங்கும் உண்டு. மருத்துவமனையில் இருக்கும் தாத்தா, பாட்டியைத் தொடும் முன்னும் பின்னும் கைகளைத் தூய்மை செய்வோம். மீந்த மாத்திரைகளை அவர்களுக்கு நாமே கொடுத்தல் கூடாது. தேவையற்றபோது அளித்த மருந்து, தேவையுற்றபோது பயன்படாமல் போகலாம்.