ஸ்கிரீனில் தெரிகிறதா, இல்லையா? பிரவுசர் போடும் கணக்கு

மொபைலில் நீளமான ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். நாற்பது படங்கள். எல்லாம் முதலிலேயே இறங்கிவிட்டால், நீங்கள் பாதியில் மூடும்போது பார்க்காத படங்களுக்கும் டேட்டா செலவாகியிருக்கும். எனவே எந்தப் படம் இப்போது ஸ்கிரீனுக்குள் இருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

ஸ்கிரீனை ஜன்னல் என்றும், பக்கத்தை அதன் பின்னால் நகரும் நீளமான தாள் என்றும் வைத்துக் கொள்ளுங்கள். ஜன்னலின் உயரம் 800 பிக்ஸல். ஒரு படம் உச்சியிலிருந்து 600-வது பிக்ஸலில் தொடங்குகிறது. அதன் உயரம் 400. அப்படியானால் 1000-ல் முடியும். 600 முதல் 800 வரை உள்ள பாதிப் படம் மட்டுமே தெரியும். மேல் விளிம்பு 800-ஐத் தாண்டிவிட்டாலோ, கீழ் விளிம்பு பூஜ்யத்துக்கு மேலே போய்விட்டாலோ படம் வெளியே என்று அர்த்தம்.

முன்பு இந்தக் கணக்கை ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம் விரல் அசையும் போதெல்லாம் போட்டுக் கொண்டிருந்தது. விலை குறைந்த மொபைல்களில் பக்கம் திக்கித் திணறி நகரும். 2016-ல் குரோம் 51-ல் 'இன்டர்செக்ஷன் அப்சர்வர்' என்ற வசதி வந்தது. "இந்தப் படம் உள்ளே வந்தால் சொல்லு" என்று பிரவுசரிடம் ஒருமுறை சொல்லி வைத்தால் போதும். பாதி வந்தாலா, முழுதும் வந்தாலா என்பதையும் குறிப்பிடலாம். ஃபயர்பாக்ஸில் 2017-லும், சஃபாரியில் 2019-லும் இது கிடைத்தது.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதைப் பார்க்கலாம். குரோமில் படங்கள் நிறைந்த ஒரு தளத்தைத் திறந்து எஃப்12 கீயை அழுத்தவும். (சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.) கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பக்கம் மொபைல் வடிவுக்கு மாறும். நெட்வொர்க் டேபைக் கிளிக் செய்து, எஃப்5 அழுத்தி, பக்கத்தை மெதுவாக நகர்த்துங்கள். பட்டியலில் புதிய படங்கள் ஒவ்வொன்றாகச் சேரும். ஸ்கிரீனைத் தொடும் முன்பே சில இறங்கினால் அது கோளாறு அல்ல. வெற்றுக் கட்டம் தெரியாமலிருக்கச் செய்த ஏற்பாடு. நகர்த்தும் முன்பே எல்லாம் கொட்டிவிட்டால், அந்தத் தளம் உங்கள் டேட்டாவைப் பற்றிக் கவலைப்படவில்லை!

விளம்பரக் கம்பெனிகளுக்கும் இந்தக் கணக்கு முக்கியம். அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் விதிப்படி, சாதாரண பட விளம்பரத்தின் பாதிப் பிக்ஸல்களாவது தொடர்ந்து ஒரு வினாடி ஸ்கிரீனில் இருந்தால்தான் அது 'பார்க்கக்கூடியதாக' இருந்தது என்று எண்ணப்படும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஜன்னலுக்குள் இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பதில்லை. மேலே வேறொரு படம் மூடியிருந்தாலும், 2016-ல் வந்த வசதி "உள்ளே இருக்கிறது" என்றே சொல்லும். மோசடிக்காரர்களுக்கு இது வசதி. நீங்கள் பார்ப்பது 'பரிசு' என்ற படம். அதன் அடியில் இருப்பது நிஜமான 'வாங்கு' பட்டன். தட்டினால் அந்தப் பட்டனுக்குத்தான் போகும். இதற்கு கிளிக்ஜாக்கிங் என்று பெயர்.

2019-ல் குரோம் 74-ல் வந்த இரண்டாம் பதிப்பு, மூடியிருக்கிறதா என்றும் பார்க்கும். வேலை அதிகம் என்பதால் ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 100 மில்லி வினாடி இடைவெளி விடும். உறுதியாகத் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே பதில் தரும். பணம் வாங்கும் பட்டனை அமைப்பவர், அந்தப் பதில் வந்தால் தட்டலை ஏற்காதபடி எழுதிவிடலாம்.